பொட்டு வைக்காத மிஷின்

"சோனியா, கஸ்டமர் கீழ வந்துட்டாங்க. ரோபோ கை ஏன் இன்னும் அசையல?" முதலாளி ஷங்கர் கத்தினார்.

இன்ஜினியர் சோனியா புரோகிராமை மறுபடி சரிபார்த்தாள். மூளையான மைக்ரோகன்ட்ரோலர் போர்டு சொன்னதையெல்லாம் முந்தாநாள் வரை கேட்டுக் கையை ஆட்டிய சர்வோ கன்ட்ரோலர் என்ற மோட்டார் போர்டு, இன்று ஊமையாகக் கிடந்தது. புரோகிராமில் தப்பில்லை.

"நேத்து ஆயுத பூஜைக்கு எல்லா மிஷினுக்கும் பொட்டு வெச்சோம். இதுக்கு மட்டும்தான் நீங்க விடல சார்..." என்று இழுத்தார் ஆபரேட்டர் பச்சைமுத்து.

"மூடநம்பிக்கை! போய் கஸ்டமரைக் கூட்டிட்டு வாய்யா!"

பச்சைமுத்து படியிறங்கினார். சோனியா இரண்டு போர்டையும் இணைக்கும் கேபிளைப் பிடுங்கிப் பார்த்தாள். பிளக்கின் பின்களுக்கிடையே காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம்.

"யார் சார் இதை வெச்சது?"

ஷங்கர் குரலைத் தாழ்த்தினார். "நான்தான். மனசு கேக்கல. பச்சைமுத்து பார்க்கறதுக்குள்ள துடைச்சிடும்மா."