ஐந்தாவது கட்டம்
ஐந்து கிராமப் பள்ளிகளுக்கும் சேர்த்து வீடியோவில் பாடம் நடத்தும் அறையில், காதில் செருகிய சாக்பீஸை மேஜையெல்லாம் தேடுகிறார் கணக்கு வாத்தியார். திரையின் நான்கு கட்டங்களில் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அசடு வழிய அவர் சாக்பீஸை எடுக்கிறார். ஐந்தாவது கட்டம் மலைமேல் இருக்கும் பள்ளி. அங்கே படம் உறைந்து, வாய் மூடிய முகங்கள் அப்படியே நிற்கின்றன. "அவங்க லைன் போச்சும்மா. விட்டுட்டு ஆரம்பிக்கலாம்." இணைப்புகளைக் கவனிக்கும் பெண் ஹெட்போனை அழுத்திக்கொண்டு கையை உயர்த்துகிறாள். "இருங்க சார். அங்க எல்லாமே லேட்டாத்தான் போய்ச் சேரும். சிரிச்சு முடிக்கட்டும்." வாத்தியார் மின்விசிறியைப் பார்க்கிறார். நான்கு கட்டங்களும் சலசலக்கின்றன. திடீரென்று ஸ்பீக்கர் அதிர, அந்த மூடிய வாய்களிலிருந்து சிரிப்பு கொட்டுகிறது. "அட, இருக்காங்க!" வாத்தியார் சாக்பீஸை மறுபடி காதில் செருகிக்கொண்டு, மேஜையில் தேட ஆரம்பிக்கிறார்.