குடியிருப்பவரோடு விற்பனைக்கு

"உள்ளே போய்ப் பார்க்க முடியாதுன்னா எப்படித் தம்பி வாங்கறது? முள்ளங்கியைக்கூடத் திருப்பிப் பார்த்துட்டுத்தானே பையில போடறோம்."

ஓசாகாவில் வீடு விற்றுக் கொடுக்கும் தரகர் மினோபே, எதிரே உட்கார்ந்திருந்த அம்மாளின் பக்கம் தேநீரை நகர்த்தி வைத்தார். கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்துவிட்டு நேராக உள்ளே வந்தவர். அறுபது வயதிருக்கும். பெயர்கூட இன்னும் சொல்லவில்லை. மினோபே ஒரு வீடு விற்று மூன்று மாதமாகிறது. கோபித்துக்கொள்ளக் கட்டுப்படியாகாது.

"வாடகைக்காரரோட சேர்த்து விக்கற வீடும்மா. அவர் சம்மதிக்காம கதவைத் திறக்க முடியாது. ஆனா வாங்கின மாசமே வாடகை வந்துடும்."

"கட்டடத்துக்கு என்ன வயசு?"

"நாப்பத்தாறு."

"லிஃப்ட்?"

"மூணாவது மாடிதானேம்மா. ஏறி இறங்கினா முழங்காலுக்கு நல்லது."

"அதையும் விளம்பரத்துல போட்டிருக்கலாமே" என்றார் அந்த அம்மாள். "சரி, குடியிருக்கிற ஆள் எப்படி?"

"தங்கமான மனுஷர். ஆறு வருஷத்துல வாடகை ஒரு நாள் தள்ளினதில்லை. ராத்திரி தங்கறதே கிடையாது. ஞாயித்துக்கிழமை மட்டும் வருவார்."

"ஒரு நாள் வந்து என்ன பண்றார்?"

மினோபே தயங்கினார். சொல்லக் கூடாததுதான். சொல்லாவிட்டால் அந்த அம்மாள் எழுந்து போய்விடுவாரோ என்றும் இருந்தது.

"பேரைக் கேக்காதீங்க. மீன் வளர்க்கறார். விரல் நீளம்கூட இல்லாத மீன். அறை முழுக்கத் தொட்டிதான். வீட்ல மனைவிக்குப் பிடிக்காதாம். கோல்ஃப் ஆடப் போறேன்னு சொல்லிட்டு இங்கே வந்துடுவார்."

"அவ்வளவு பொல்லாதவளா அந்த மனைவி?"

"சிங்கமாம். அவரே சொன்னார்."

"சிங்கம்னா சொன்னார்?" அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்துக்கொண்டார்.

"அவங்களுக்கு மட்டும் தெரிஞ்சுதுன்னா மறுநாளே இவர் காலி பண்ணிடுவார். அது ஒண்ணுதான் ஆபத்து. மத்தபடி அருமையான முதலீடு."

"ஆபத்து இருக்கில்ல? அப்போ விலையைக் குறைங்க."

தன் வாயே தனக்கு எதிரியானதை நொந்தபடி மினோபே உரிமையாளருக்குப் போன் போட்டார். கால் மணி நேரம் இழுபறி. நாற்பத்திரண்டு லட்சம் யென் முப்பத்தொன்பதுக்கு இறங்கியது. விண்ணப்பத்தை நீட்டியதும் அந்த அம்மாள் மளமளவென்று எழுதி, கையெழுத்துக்குப் பதிலாகக் கைப்பையிலிருந்து பெயர் முத்திரையை எடுத்து அழுத்திக் கொடுத்தார்.

"ரொம்ப சந்தோஷம்மா. உரிமையாளர் மாறினதை வாடகைக்காரருக்குத் தெரிவிக்கணும். நானே கடிதம் போட்டுடறேன்."

"தபால் செலவு எதுக்கு? இன்னிக்குச் சாயங்காலம் சோறு போடும்போது நானே சொல்லிடறேன்."

மினோபே விண்ணப்பத்தைப் பார்த்தார். இசோமுரா கியோகோ. பக்கத்தில் விரிந்து கிடந்த வாடகை ஒப்பந்தத்திலும் அதே இசோமுரா என்ற குடும்பப் பெயர், அதே வீட்டு முகவரி. அவசரமாக ஒப்பந்தத்தை மூடினார்.

"பயப்படாதீங்க தம்பி, காலி பண்ணச் சொல்ல மாட்டேன்" என்றபடி எழுந்தார் அந்த அம்மாள். "முப்பத்தஞ்சு வருஷமா அவர் எனக்கு வீட்டுக்காரர். இனிமே நான் அவருக்கு வீட்டுக்காரி, அவ்வளவுதான்."