லைட் ஹவுஸ் எந்தப் பக்கம்?

"இந்த லைட் ஹவுஸ் எந்தப் பக்கம்மா இருக்கு?"

தொப்பிக்காரப் பெரியவர் கேட்டதும், பட்டன் கடைக்காரி அவருடைய தொப்பியையும் கோட்டையும் மேலும் கீழும் பார்த்தாள்.

பஸ் ஸ்டாண்டில் கடை போட்ட நாளிலிருந்து இப்படி ஒருத்தரும் கேட்டதில்லை. பஸ் மாறுகிற அவசரத்தில் வருவார்கள். சட்டையில் குத்திக்கொள்கிற வட்டத் தகரப் பட்டன்களைப் புரட்டுவார்கள். ஊர் ஞாபகமாக ஒன்றை வாங்கிக்கொண்டு ஜன்னல் சீட் பிடிக்க ஓடிவிடுவார்கள். எல்லாப் பட்டனிலும் ஒரே படம்தான். நீல அலை, கரும்பாறை, பாறை மேல் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு கலங்கரை விளக்கம், அதன் கீழே ஊர்ப் பெயர்.

அந்த ஊரில் கலங்கரை விளக்கம் கிடையாது. அட, கடலே கிடையாது. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு பகல் முழுக்க பஸ்ஸில் உட்கார வேண்டும்.

எல்லாம் அவள் வீட்டுக்காரர் பார்த்த வேலை. மனுஷன் போர்டு எழுதுகிற பெயிண்டர். "நம்ம ஊர்ல வரையற மாதிரி என்ன இருக்கு? இந்த பஸ் ஸ்டாண்டை வரைஞ்சா எவன் வாங்குவான்?" என்று கேட்டுவிட்டு, மனதில் தோன்றியதை வரைந்து தள்ளிவிட்டார். படம் என்னவோ கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரிதான் இருந்தது.

ஆனால் நகராட்சிக்குப் புதிதாக ஓர் அதிகாரி வந்திருக்கிறாராம். வாங்க வந்தவர் போலவே பேச்சுக் கொடுத்து, போலிச் சரக்கு விற்கிற கடைகளை இழுத்து மூடுகிறாராம். எதிரே செண்ட் விற்றவன் கடையில் நேற்றுத்தான் பூட்டுத் தொங்கியது.

"அது... கொஞ்சம் தள்ளி இருக்குங்க ஐயா" என்றாள்.

"எவ்வளவு தூரமா இருந்தாலும் சரி. நேர்ல பார்த்துட்டுத்தான் வாங்குவேன். நேத்து மலைப்பக்கம் ஒரு ஊர்ல அருவிப் படம் போட்ட பட்டனை வாங்கி நல்லா ஏமாந்துட்டேன்."

சொல்லிக்கொண்டே பூதக்கண்ணாடியை எடுத்துப் பட்டனை உற்றுப் பார்த்தார். போச்சு, அந்த ஆள் இவரேதான் என்று அவள் முடிவு செய்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து டீயோடு வந்து சேர்ந்தார் பெயிண்டர்.

"என்னங்க, ஐயா லைட் ஹவுஸ் பார்க்கணுமாம்" என்று கண்ணைக் காட்டினாள். கல்யாணமான நாளாக அவள் கண் ஜாடை அவருக்குப் புரிந்ததே இல்லை. இன்றைக்கு மட்டும் புரிந்துவிடுமா?

"தாராளமா பார்க்கலாமே. ஆனா இன்னிக்கு லீவுங்க."

"லைட் ஹவுஸுக்கு லீவா?"

"பெயிண்ட் அடிக்கிறோம். நான்தான் அடிக்கிறேன்." சட்டையிலிருந்த சிவப்புக் கறையைச் சாட்சிக்குக் காட்டினார்.

"பரவாயில்ல, வெளியில நின்னு பார்த்துக்கறேன். கடல் எந்தப் பக்கம்?"

பெயிண்டர் கிழக்கே கை நீட்டினார். அதே நேரத்தில் அவள் மேற்கே நீட்டினாள்.

பெரியவர் முகம் பளிச்சென்று மலர்ந்தது. நம்மைப் பிடித்துவிட்ட சந்தோஷம் பாரு இந்த மனுஷனுக்கு என்று அவள் உள்ளுக்குள் பொருமினாள்.

பெயிண்டர் அசரவில்லை. "கடல் இப்படி வளைஞ்சு போகுதுங்க, ரெண்டு பக்கமும் வரும்" என்று ஆரம்பித்து, கதை மூட்டையை அவிழ்த்துவிட்டார். விளக்கு ஏற்றியதே அவருடைய அப்பாதானாம். படி ஏறி இறங்கியே அவருக்கு முட்டி தேய்ந்துபோனதாம். ஒரு புயல் நாளில் விளக்கு அணையாமல் இருக்க, அம்மா தன் சேலையைக் கட்டிக் காற்றைத் தடுத்தாளாம். சொல்லும்போது அவருக்கே கண் கலங்கியது. பாவி மனுஷன், அவளுக்கே ஒரு நிமிஷம் நம்பத் தோன்றியது.

பெரியவர் முகம் அப்படியே வாடிவிட்டது. பட்டனை மெல்லத் தட்டில் வைத்தார்.

"அப்ப நிஜமாவே இருக்கு" என்றார். "சரி, நான் வர்றேன்."

பூட்டு எடுக்கத்தான் போகிறார். அவளுக்குத் தாங்கவில்லை.

"ஐயா, நில்லுங்க. இவர் சொன்னது அத்தனையும் புளுகு. இங்க லைட் ஹவுஸும் இல்ல, கடலும் இல்ல. இவங்க அப்பா பஸ் கண்டக்டர். படம் பார்க்க நல்லா இருக்கட்டுமேன்னு வரைஞ்சதுங்க. கடையைப் பூட்டிடாதீங்க, இதை வச்சுத்தான் எங்க வீட்டுல அடுப்பு எரியுது."

"சத்தியமா இல்லையா?"

"சத்தியமா இல்லைங்க. குளிக்க ஒரு குளம்கூட இல்ல."

பெரியவர் திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். டீயை எடுத்து நிம்மதியாக ஒரு வாய் குடித்தார்.

"நான் எதுக்கும்மா பூட்டப் போறேன்? நான் ரிட்டயரான தபால்காரன். வேலை பார்த்த காலம் பூரா, இருக்கற விலாசத்துக்கே போய்ப் போய் அலுத்துப்போச்சு." கோட்டைத் திறந்து காட்டினார். உள்பக்கம் முழுக்கப் பட்டன்கள். பனி மூடிய மலை, தொங்கு பாலம், மணிக்கூண்டு, கோட்டை. "இதுல ஒண்ணுகூட அந்தந்த ஊர்ல கிடையாது. இல்லாத இடத்துப் பட்டன் மட்டும்தான் நான் சேர்க்கறது. உங்க வீட்டுக்காரர் அழுததைப் பார்த்ததும், இதுவும் கைவிட்டுப் போச்சேன்னு மனசே ஒடிஞ்சிடுச்சு."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இருப்பதிலேயே பளபளப்பான பட்டனாகப் பொறுக்கி எடுத்து, அவர் கோட்டில் தானே குத்திவிட்டாள்.

"அப்ப நேத்து ஏமாந்தேன்னு சொன்னீங்களே, அந்த அருவி?"

"அதை ஏன்மா கேக்கற?" பெரியவர் பெருமூச்சு விட்டார். "பட்டனை வாங்கிக்கிட்டு ஆசை ஆசையா போய்ப் பார்த்தா, நிஜமாவே கொட்டிக்கிட்டு இருக்கு."