ஏழாவது வாக்கு

மீனவர்களுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்பும் அந்தத் திறந்த மூல மென்பொருள், பீம்ராவ் தனியாளாக எழுதிய ஒரு நிரலை நம்பி ஓடியது. அவன் இறந்து இரண்டு வருடமாகியும், பிழை வந்தால் மறுநாளே அவன் பெயரில் திருத்தம் வந்துவிடும். அனுப்புவது யாரென்று குழுவில் ஒருவரும் கேட்டதில்லை.

"ஒரே ஆளை நம்பிகினு இருந்தா பேஜாரு. வேற மாத்திடலாம்" என்றான் அன்பரசன், குழுவின் இணையவழிக் கூட்டத்தில்.

காலடிப்பேட்டை வீட்டிலிருந்து பேசிய பீம்ராவின் தங்கை ரமாபாய் கொதித்தாள். "எங்கண்ணன் உயிரோட இருந்தப்போ ஒருத்தராச்சும் ஒரு தேங்ஸ் சொன்னீங்களா? இப்போ தூக்கிப்போட மட்டும் ஓட்டா?"

குழுவில் இருந்தது ஆறு பேர். வாக்குகள் மூன்றுக்கு மூன்று என்று நின்றன.

பிறகு ஏழாவது வாக்கு விழுந்தது, பீம்ராவின் பெயரில். மாற்றிவிடலாம் என்றது. அதன் கீழே ஒரு வரி இருந்தது:

"வுட்டுடு ரமா. கை ரொம்ப நோவுது."