இருநூற்றுப் பன்னிரண்டாம் படத்துக்குப் பிறகு

உளவு விமானம் மலையில் மோதி அதிலிருந்த நான்கு பேரும் செத்த மூன்றாம் நாள், கருகிய கேமராவிலிருந்து எடுத்த ஃபிலிம் சுருளை படைத்தளத்து இருட்டறையில் வேலை பார்த்த அவளே கழுவினாள். விமானத்தில் அந்தக் கேமராவை இயக்கியவன் அவளுடைய அண்ணன்.

"வேற ஆள் பாத்துக்கட்டும்மா," என்றார் அதிகாரி.

"யாரும் தொடக் கூடாது சார். கடைசியில அவன் பயந்தானான்னு அம்மா கேட்டுக்கிட்டே இருக்காங்க. நான் என்னத்தச் சொல்ல?"

ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் நேரமும் உயரமும் தானாகப் பதிந்துவிடும். இருநூற்றுப் பன்னிரண்டாம் படம் மோதிய நொடியில் எடுத்தது. அதுவும் அதற்கு முந்தைய பத்தும் குலுங்கிக் கலங்கியிருந்தன. அடுத்த படம் ஒரு நிமிடம் கழித்து எடுத்தது. மலைச்சரிவில் எரியும் அதே விமானம் மேலிருந்து தெளிவாகத் தெரிந்தது.

"மெஷின் கோளாறு. அதுக்கு முன்னாடியே வெட்டிடு," என்றார் அதிகாரி.

"எரியிற கேமரா தன்னையே மேலருந்து எடுக்குமா? உங்க கோளாறுல கொள்ளி வைக்க."

அவள் வெட்டவில்லை. இன்னும் முப்பது படங்கள் இருந்தன. படத்துக்குப் படம் உயரம் ஏறிக்கொண்டே போனது. ஆறு நூலானது, கடற்கரை கோடானது. கடைசிப் படத்தில் உயரத்துக்கான கட்டத்தில் எண்களுக்கு இடம் போதவில்லை.

"படுபாவி, வீட்ல ஒரு போட்டோகூட தலைய வெட்டாம எடுத்ததில்ல," என்றாள்.

ஈரம் சொட்டிய அந்தப் படத்தில் பூமி முழுசாக இருந்தது. அதன் விளிம்பில், துளி நடுக்கமில்லாமல், விடிந்துகொண்டிருந்தது.