சக்கரம் வைத்த ஸ்டாண்டு

"இதுல எத்தனை சட்டை தொங்கும்ணே?" என்று கேட்டாள் ஹமீதா பானு.

"தாராளமா முப்பது தொங்கும்மா. கீழ சக்கரம் இருக்கு பாருங்க, சுண்டுவிரலால தள்ளுனாலே போவும்," என்றார் துரைராசு.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் பீரோ, கட்டில் கடை வைத்திருப்பவர் அவர். ஊரில் ஜவுளிக்கடைகள் எல்லாம் ஷோரூம்களாக மாறிய பிறகு, துணி மாட்டும் சக்கர ஸ்டாண்டையும் வரவழைத்து விற்கத் தொடங்கியிருந்தார். கடையில் நாலு விதம் நின்றன.

ஹமீதாவின் கணவன் நௌஷாத் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். துபாயில் பெரிய கம்பெனியில் மேனேஜர் என்று ஊரில் பேச்சு. பதினோரு வருஷமாகப் போவதும் வருவதுமாக இருக்கிறான். இந்தத் தடவை நாற்பது நாள் லீவு. அதில் முப்பத்தைந்து நாள் ஓடிவிட்டது.

"வீட்டுலதான் பீரோ இருக்குல்ல? இது எதுக்கு?" என்றான்.

"உங்க ஆபீஸ் சட்டையெல்லாம் பீரோவுல மடிச்சு வச்சுக் கசங்குது மச்சான். வந்து நீங்களே பார்த்து எடுங்க."

"எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்? நீயே எடு."

ஹமீதா தங்க நிறத்தில் மினுமினுத்த ஒரு ஸ்டாண்டைத் தொட்டாள். "இது அழகா இருக்கு. இதையே போடுங்கண்ணே."

துரைராசு பில் புத்தகத்தைத் திறந்தார். நௌஷாத் அந்த ஸ்டாண்டையே பார்த்தான். சற்று நேரம் பொறுத்தான். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு விறுவிறுவென்று உள்ளே வந்தான்.

"அது வேணாம்."

"ஏன் பாய்? நல்லா போற மாடலாச்சே."

"குழாய் ரொம்ப மெலிசு. பத்துக் கிலோ ஏறுனா நடுவுல தொங்கிடும்." குறுக்குக் கம்பியைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினான். கம்பி வளைந்தது.

அடுத்ததைத் தலைகீழாகக் கவிழ்த்தான். "பிளாஸ்டிக் சக்கரம். நூல் சுத்துச்சுன்னா ஒரே வாரத்துல நின்னுடும்."

"வீட்டுல நூல் எங்கேருந்து பாய் வரும்?"

நௌஷாத் அது காதில் விழாதவனைப் போல மூன்றாவதுக்குப் போனான். நகத்தால் சுரண்டினான். "பெயிண்ட் சரியில்ல. ஆவி பட்டா உரிஞ்சு வந்துடும். வெள்ளைத் துணின்னா அவ்வளவுதான்."

"ஆவியா?"

"அதாவது... மழைக்காலத்து ஈரம்," என்றான் அவசரமாக.

ஹமீதா மேலே சுற்றிய ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலாவது, மூலையில் தூசியோடு கிடந்தது. கனமான இரும்புக் குழாய், ரப்பர் சக்கரம், அதில் இரண்டுக்குப் பூட்டு. நௌஷாத் அதை வெளியே இழுத்துக் கையால் முழம் போட்டான்.

"உயரம் பரவாயில்ல. அங்கி மாட்டுனாலும் தரையில புரளாது."

"இங்க யாரு பாய் அங்கி போடுறா?" துரைராசு சிரித்தார்.

நௌஷாத் விழித்தான். "என் புர்காவைச் சொல்றாங்கண்ணே," என்றாள் ஹமீதா.

அதற்குப் பிறகு அவனைப் பிடிக்க முடியவில்லை. கடையிலிருந்த மடக்கு நாற்காலிகள் நாலைந்தை எடுத்துக் குறுக்குக் கம்பியில் கோத்துத் தொங்கவிட்டான். ஸ்டாண்டைத் தள்ளி வாசல்படியில் இறக்கி, ரோட்டோரமாக ஓட்டினான். அப்போதுதான் கேட் போட்டிருந்தார்கள். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்தார்கள். ஸ்டாண்டு சாயவில்லை, முனகவில்லை. ஒரு கையாலேயே திருப்பி, படியேற்றி, இருந்த இடத்தில் கொண்டுவந்து பூட்டினான்.

முகமெல்லாம் வியர்வை. முப்பத்தைந்து நாளில் அப்படி ஒரு சிரிப்பை ஹமீதா அவன் முகத்தில் பார்த்ததில்லை.

"இதான் ஸ்டாண்டு! அறுபது உருப்படி அசராம தாங்கும்," என்றான்.

"துபாய் மேனேஜருக்கு ஸ்டாண்டைப் பத்தி இவ்வளவு விஷயம் தெரியுமா!" துரைராசு வியந்தார்.

நௌஷாத்தின் சிரிப்பு சட்டென்று அணைந்தது. "ஆபீஸ்ல வாங்கிப் போட்டிருக்கோம். அதான்..." என்று இழுத்தபடி சட்டைக் கையை மணிக்கட்டுவரை இறக்கிவிட்டுக்கொண்டான்.

"இதே மாதிரி மூணு போடுங்கண்ணே," என்றாள் ஹமீதா.

"மூணா? அவ்வளவு சட்டைக்கு நான் எங்க போறது?" என்று பதறினான் நௌஷாத்.

துரைராசுக்கு ஏக சந்தோஷம். "வண்டியில ஏத்தி நானே அனுப்பிடுறேன். பள்ளிவாசல் தெருதானம்மா?"

"வீட்டுக்கு வேணாம்ணே. கடைத்தெருவுல மருந்துக்கடைக்கு அடுத்த கடையில இறக்கச் சொல்லுங்க. நேத்துதான் போர்டு மாட்டுனோம். 'நௌஷாத் லாண்டரி'ன்னு இருக்கும்."

நௌஷாத் பக்கத்திலிருந்த கட்டிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவளை நிமிர்ந்து பார்த்தான். "எப்பலேருந்து தெரியும்?"

"முதல் லீவுல வந்தீங்களே, அன்னைக்கே தெரியும் மச்சான். எந்த ஊரு மேனேஜருக்குக் கையெல்லாம் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு இருக்கு?" என்ற ஹமீதா, அவன் அருகில் வந்து உட்கார்ந்தாள். "துபாய்க்காரன் துணியைத் தேய்ச்சது போதும். இனிமே நம்ம ஊரு சட்டையைத் தேய்ச்சுக் குடுங்க."