பேசிக்கொண்டே மிதிக்கிறவர்

இலையுதிர்காலத்து மாலை வெயில் தெருவெங்கும் சாய்ந்து கிடக்க, தையல்காரர் சைக்கிள் மிதிக்கிறார். காய்ந்த இலைகள் அவரை முந்திக்கொண்டு உருள்கின்றன. நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தபின் இதுதான் முதல் சவாரி. ஞாயிறுதோறும் ஊர் எல்லை தாண்டிப் பறந்தவர், இப்போது பக்கத்தில் நடந்துவரும் மனைவியின் வேகத்துக்குப் போகிறார். அவள் ஒரு கையால் சீட்டைப் பிடித்திருக்கிறாள். மறுகையில் சால்வையும் வெந்நீர் பிளாஸ்க்கும். மிதிக்கும்போது பேச முடிகிறவரை பயமில்லை, பேச்சு நின்றால் இறக்கிவிடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவளுக்கு அது போதும், கேள்விகளை ஆரம்பிக்கிறாள். "என் தங்கச்சி வீடு மாத்தினப்ப ஒத்தாசைக்கு ஏன் வரல?" "சைக்கிள்ல சுத்தப் போயிட்டேன்." "கடையில அவசர வேலைன்னு சொன்னீங்க." "பொய்தான்." இத்தனை வருஷம் வாய் திறக்காமலே தப்பித்தவர், இறங்க மனமில்லாமல் ஒவ்வொன்றாய் ஒப்புக்கொள்கிறார். மேடு வருகிறது. சங்கிலி முனகுகிறது. அவள் குரலைத் தாழ்த்துகிறாள். "ஆஸ்பத்திரியில பயந்தீங்களா?" "ரொம்ப." டயருக்கடியில் சருகு நொறுங்குகிறது. மேடு முடிந்து அவர் காலூன்றியதும், அவள் சால்வையை அவர் கழுத்தில் இறுக்கிச் சுற்றிவிட்டு, சீட்டிலிருந்து கையை எடுக்கிறாள். "அந்த முனை வரைக்கும் தனியா போயிட்டு வாங்க. பேசிக்கிட்டே போங்க, எனக்குக் கேக்கணும்." தனியாகப் போகிறவர் என்னத்தைப் பேசுவது? வாய்க்கு வந்தது சட்டை அளவுதான். "கழுத்து பதினஞ்சு, கை இருபத்திமூணு" என்று காலித் தெருவுக்கு உரக்கச் சொல்லிக்கொண்டே போகிறார். படுத்திருந்த நாய் தலையைத் தூக்கிப் பார்க்கிறது. முனை தாண்டி அவர் மறைந்த பிறகும், "தோள் பதினெட்டு" என்று அடுத்த தெருவிலிருந்து குரல் வருகிறது. அவள் கூப்பிடாமல் நிற்கிறாள்.